சூளைக்காரர் சுண்டிப் பார்த்த கல்

வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் முப்பது வருஷம் பாறை ஆராய்ந்துவிட்டு, ஒரு சிவப்புக் கல்லோடு காரைக்குடிக்குத் திரும்பினேன். பூமிக்கடியில் நிலக்கரி தானாகத் தீப்பிடித்து எரிய, அதன்மேல் படிந்திருந்த களிமண் பாறை வெந்து சிவந்த கல் அது. குன்றக்குடிப் பக்கம் செங்கல் சூளை வைத்திருக்கும் மச்சானிடம் பெருமையாக நீட்டினேன்.

விரலால் சுண்டிப் பார்த்தார். "அடியில தீ கூடி உருகிப்போச்சு, மேல இன்னும் வேகணும். யாரு மாப்ள சுட்டது?"

இதையே மேலதிகாரிகளுக்குப் புரியவைக்க எனக்கு நாற்பது பக்க அறிக்கை தேவைப்பட்டது.

"யாரும் சுடல மச்சான். தானா எரியுது. வருஷக்கணக்கா அணைக்க முடியல."

"அதானே பார்த்தேன்! ஆளு நின்னு சுட்டிருந்தா இப்படியா ஆகும்?"

இப்போது அந்தக் கல் அவர் சூளையில் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் எடுத்துக் காட்டுகிறார்: "எங்க மாப்ள முப்பது வருஷம் ஆராய்ஞ்ச கல்லு. இப்படி மட்டும் சுட்டுராதீக."