கோமாளியும் தண்ணீர்ப் பையும்

டிவிடி பெட்டி சூடேறினால் புது ரப்பர் செருப்பின் வாசனை அடிக்கும். மீமிசலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த வாசனை எழுந்தால் நானும் தம்பியும் எங்கள் படத்தைப் போட்டுவிட்டோம் என்று பொருள். பாலைவனத்தில் புதையல் தேடும் பழைய வீரதீரக் கதைகளைக் கேலி செய்து எடுத்த கோமாளிக் கூத்து அது. நாயகன் ஒட்டகத்தில் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் விழுவான், கானல் நீரில் தலைகீழாகப் பாய்ந்து வாய் நிறைய மணலோடு எழுவான், கடைசியாக மிஞ்சிய தோல்பைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு சாவகாசமாகக் குளிப்பான்.

கடல் கடந்து பிழைக்கப் போகிறவர்களை எங்கள் பக்கத்தில் "சபுராளி" என்பார்கள். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தாவும் சபுராளிதான், சவுதியில் துணிக்கடை வேலை என்று சொல்லியிருந்தார். அவர் விடுமுறையில் வந்திருந்த ஒரு பகலில், தம்பி அந்தக் குளியல் காட்சியை மூன்றாம் முறையாகப் பின்னால் ஓட்டியபோது, அவர் மட்டும் சிரிக்காமல், "அது மூணு நாளைக்கு வச்சிருக்க வேண்டிய தண்ணி" என்றார். இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"கடையிலதானே இருக்கீங்க?"

"கடையிலதான்" என்றார் அத்தா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

புறப்படும் முன் வீடு வீடாகப் போய் விடைபெறுவதைப் "பயணம் சொல்வது" என்போம். ஒவ்வொரு வீட்டிலும் அங்கே இருக்கும் தங்கள் பிள்ளைக்கு ஊறுகாயோ கருவாடோ கொடுத்துவிடுவார்கள். அந்த முறை அத்தா எதையும் வாங்கவில்லை. "நான் இருக்கிற பக்கம் ஆளுக வர மாட்டாங்க, கெட்டுப் போயிரும்" என்றார். அவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாகத் தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைத்தெருவில் இருப்பவரிடம் ஏன் ஆள் வர மாட்டார்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பதினோரு வயதான எனக்குத் தோன்றியது. ஆனால் "பயணம் கெளம்புறவங்கள மறிக்கக் கூடாது" என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். வாசலில் அவரிடம் நான் கேட்டது, அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் கிடைத்தால் வாங்கி வாருங்கள் என்பதுதான். நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

எட்டு மாதம் கழித்து, அவரோடு போன ஒருவர் அத்தாவின் பையோடு வந்தார். அவர் சொல்லித்தான் கடை என்று ஒன்று இருந்ததே இல்லை என்று தெரிந்தது. சாலையிலிருந்து வெகுதூரத்தில் யாரோ ஒருவருடைய ஒட்டகங்களை மேய்த்திருக்கிறார். தண்ணீர் வண்டி ஒரு வாரம் வரவில்லை. அடக்கமும் அங்கேயே முடிந்திருந்தது.

டிவிடி பெட்டிகள் போய்விட்டன, குறுந்தகடு விற்ற கடைகளும் போய்விட்டன. சபுராளிகள் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். போன மாதம் தம்பிக்கும் விசா வந்தது. "டிரைவர் வேலை அக்கா, டவுனுக்குள்ளதான்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். உறவுகள் நிறைந்திருந்த கூடத்தில் அவன் கையைப் பிடித்து, "போகாதடா" என்றேன். அபசகுனமாகப் பேசுகிறேன் என்று அம்மாவே என்னை உள்ளே இழுத்துப் போனார்.

அவன் போய்ச் சேர்ந்து நான்கு நாளாகிறது. நேற்றுக் காலை வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்கு இன்னும் ஒற்றை டிக்தான் விழுந்திருக்கிறது.