பாட்டில் செத்த அக்கா

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காய்ந்த படுக்கை விரிப்புகளை மடிக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் அவள். மறுமுனையில், அவளைவிட ஒரு முழம் உயரமான நெட்டச்சி. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்ப்பார்கள். பொழுதுக்கும் இதே வேலை. வாயை மூடிக்கொண்டு செய்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்பாள் அவள். அதனால் பாடுவாள். கூடத்தில் அவளுக்குப் பெயரே ரேடியோ.

அந்தப் பாட்டும் அங்கேதான் பிறந்தது. இழுக்க ஒரு வரி, நடந்து வர ஒரு வரி. கதைக்கு அவள் வெகுதூரம் போகவில்லை. கூடப்பிறந்த அக்கா, புருஷனின் அடி தாங்காமல் ஒரு பட்டப்பகலில் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியவள். நிஜத்தில் அவள் போனது பஸ் நிலையத்துக்கு. பாட்டில் ஆற்றுக்குப் போனாள்.

*படியிறங்கிப் போனவளப் பாத்தவங்க யாருமில்ல,*
*கரையேறி வந்ததாகச் சொன்னவங்க யாருமில்ல.*

இந்த இடத்தில் நெட்டச்சி விரிப்பின் நுனியிலேயே மூக்கைத் துடைத்துவிட்டாள். அது திரும்பத் துவைக்கப் போனது. ரேடியோவுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அக்காவை ஆற்றிலேயே விட்டுவிட்டாள்.

நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கேட்டுப் பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மேடையில் பாடும் ஒருவர் தேடி வந்தார்.

"நீளமா இருக்கேம்மா. நடுவுல ரெண்டு கண்ணிய எடுத்துரட்டுமா?"

"எடுக்கறதா இருந்தா வேற பாட்டு பாடுங்க சார்."

அவர் முழுசாகவே பாடினார். அப்புறம் பஸ்ஸில், முடிவெட்டும் கடையில், மற்றவர்களின் போனில் என்று எங்கே திரும்பினாலும் அதே பாட்டுதான்.

அக்கா இப்போது ஒரு தையல் கடையில் இருக்கிறாள். அளவு கொடுக்க வந்தவள் ஒருத்தி அந்தப் பாட்டை முணுமுணுத்து, "பாவங்க, பெத்தவ எப்படித் தாங்கினாளோ" என்று கண்ணைத் துடைத்தாள். அக்கா வாயில் குண்டூசியோடு நின்றாள். அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"என்னை ஏண்டி கொன்ன?"

"பாட்டுலதானக்கா."

"அந்த ஆளு அதைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதானாம். தெருவே கூடி ஆறுதல் சொல்லுதாம். நான் உசுரோட இருந்து அடி வாங்கினப்ப ஒரு சொட்டு வந்ததில்ல. செத்ததும் நல்ல புருஷனாயிட்டான்."

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. "ஒரு வாரம் குடு. உன்னைக் கரையேத்திடறேன்."

மறுநாளே ஆரம்பித்தாள்.

*படியிறங்கிப் போனவதான் பஸ்ஸேறிப் போயிட்டா,*
*பக்கத்து ஊருலதான் தையலுக்குச் சேந்துட்டா.*

விரிப்பு நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. "கை வர மாட்டேங்குதுடி," என்றாள் நெட்டச்சி. "நல்லாத்தான் செத்துட்டிருந்தா. அவளை எதுக்கு எழுப்பற?"

"எழுப்பத்தான் போறேன். நீ இழு."

பஸ்ஸை எடுத்துவிட்டுப் படகை வைத்தாள். படகை எடுத்துவிட்டுப் பாலத்தை வைத்தாள். சோறு வடிக்கும்போதும், தலை வாரும்போதும் வரி மாற்றினாள். நெட்டச்சியின் கை ஒருவழியாக இணங்கியதும் மேடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் தலையைச் சொறிந்தார். இவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டபடி அடுத்த கச்சேரியில் புது முடிவைத் தொடங்கவும் செய்தார். ஆனால் கூட்டம் அவர் வாயிலிருந்து பாட்டைப் பிடுங்கிக்கொண்டது. அத்தனை பேரும் ஒரே குரலில் பழைய இரண்டு வரியைப் பாடி அக்காவை மறுபடி ஆற்றில் தள்ளினார்கள். தள்ளிவிட்டுக் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற ரேடியோ பல்லைக் கடித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே அடுத்ததைத் தொடங்கிவிட்டாள். மறுநாள் தையல் கடையின் பின்னறைக்குப் போய் அக்காவிடம் பாடிக் காட்டினாள். இந்த முறை பாட்டில் வரும் அக்கா ஆற்றில் இறங்கி, பாதியில் நின்று, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அக்கா ஒரு சட்டைக்குக் காஜா எடுத்தபடியே கேட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நல்லா இருக்குடி."

"ஆனா உனக்கு அழுகை வரலையே."

"எதுக்கு வரணும்?"

"கேக்கறவங்களுக்கு வரணும்க்கா. வரலன்னா பழசத்தான் பாடுவாங்க. இரு, அந்த முகம் கழுவற இடத்தைக் கொஞ்சம் இழுத்துப் பாக்கறேன். விட மாட்டேன், பாரேன்."

அக்கா சட்டையை உதறி மடித்தாள்.

"ஏண்டி, நான் பொழைச்சுக் கெடக்கறேனே, அது ஒரு பாட்டுக்குப் பத்தாதா?"

ரேடியோ வாயைத் திறந்தாள். முன்பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள். அக்கா சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரையை விலக்கி வெளியே போனாள்.