சொந்த நாட்டுக்கு எழுதக்கூடாது

தொண்ணூறுகளின் முதல் பாதியில் பாளையங்கோட்டையில் தட்டச்சுப் பள்ளி ஒன்று நடத்திக்கொண்டிருந்தேன். கீழே வீட்டுக்காரர் குடும்பம், மாடியில் என் மெஷின்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவிகள் வரமாட்டார்கள் என்பதால் அங்கே ஒரு மனித உரிமைக் குழு கூடும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தலைவர். வெளிநாடுகளில் நியாயமில்லாமல் சிறையில் கிடப்பவர்களை விடுவிக்கச் சொல்லி அந்தந்த அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதுவோம். ஆப்பிரிக்காவில் ஒரு ஆசிரியர், தென்னமெரிக்காவில் ஒரு தொழிற்சங்கக்காரர், பர்மாவில் ஒரு மாணவி. தட்டச்சு செய்வது என் வேலை. அதைக் கேலி செய்ய இப்போதும் எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் குழுவை நான் மன்னிக்கவில்லை. அந்தத் தெருவையும்தான்.

தெருமுனையில் ஒருவர் வண்டி போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் மனைவி. ஒருநாள் வீட்டுக்காரர் மருமகளின் சங்கிலி காணாமல் போயிற்று. அன்றைக்குக் காலையில் மட்டும் மனைவிக்குப் பதிலாக இஸ்திரிக்காரரே துணி கொடுக்க அந்த வீட்டுப்படி ஏறியிருந்தார். அவ்வளவுதான் சாட்சி. மத்தியானமே போலீஸ் ஜீப்பில் அவரை ஏற்றிப் போனார்கள். தணலோடு பெட்டி வண்டியிலேயே கிடந்தது. தெருவே அவரவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

நான் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"அவருதான் எடுத்தாருன்னு தெரியுமா அண்ணாச்சி?"

"எடுத்தானா இல்லையான்னு அடிச்சாத்தானம்மா தெரியும்" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மோருக்குக் கை நீட்டினார்.

அவர் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். தைப்பூசத்துக்குப் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறவர்.

ஞாயிற்றுக்கிழமை குழு கூடியிருந்தபோது இஸ்திரிக்காரர் மனைவி மாடிக்கு வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"டீச்சர், செயில்ல கெடக்கவங்களுக்கு நீங்க எல்லாரும் எழுதுதீங்களாம்லா. எங்க வீட்டுக்காரருக்கும் எழுதுங்க. ஸ்டேசன்ல பாக்கவே விடமாட்டுக்காவ. உள்ள அவரு கத்துத சத்தம் ரோட்டுக்குக் கேக்கு."

நான் பேராசிரியரைப் பார்த்தேன். அவர் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார்.

"நம்ம விதி உனக்குத் தெரியும்மா. சொந்த நாட்டு விவகாரத்துக்கு நாம எழுதக்கூடாது. நடுநிலை போயிரும். வெளிநாட்டுல இருக்க நம்ம தலைமைக்குத் தகவல் அனுப்புவோம். அவங்க விசாரிச்சு வேற நாட்டுக்காரங்கள எழுதச் சொல்லுவாங்க."

"அதுக்குள்ள இவரு செத்துப்போனா?"

"உணர்ச்சிவசப்படாத."

அன்றைய கடிதங்களை அவர் அடுக்கத் தொடங்கினார். நான் மெஷினின் உறையை எடுக்கவேயில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் போனேன்.

போலீஸ் பிடித்துப்போனால் முதலில் தந்தி கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருந்தார். எந்தத் தேதியில் பிடித்தார்கள் என்பதைப் பிறகு போலீசால் மாற்ற முடியாது. கலெக்டருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அவள் பெயரில் கொடுத்தோம். அனுப்புபவர் முகவரி கேட்டார்கள். வாய்க்கால் புறம்போக்கில் இருந்த அவள் குடிசைக்குக் கதவு எண் கிடையாது. என் பள்ளியின் முகவரியைச் சொன்னேன்.

மறுநாள் காலை வகுப்பு நடக்கும்போதே சப்-இன்ஸ்பெக்டர் மாடியேறி வந்தார். மாணவிகளின் விரல்கள் நின்றுபோயின.

"நீங்கதான் தந்தி டீச்சரா?"

"ஆமா."

"நல்ல குடும்பத்துப் பிள்ளையாத் தெரியுது. நாளைக்கு உங்க வீட்ல நக போனா எங்ககிட்டதான வரணும்?"

"வருவேன். யாரையும் அடிக்கச் சொல்லமாட்டேன்."

அவர் ஒரு மெஷினின் எழுத்து விசையை விரலால் தட்டினார். "பொம்பளப் பிள்ளைக வந்து போற எடம். பாத்து நடத்துங்க" என்றார். அந்த வாரமே பாதி மாணவிகள் நின்றுவிட்டார்கள்.

ஆனால் தந்தி வேலை செய்தது. சப்-இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்றைக்குச் சாயங்காலமே, அப்போதுதான் பிடித்ததுபோல, இஸ்திரிக்காரரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நானும் அவளும் கடைசி வரிசையில் நின்றோம். மாஜிஸ்திரேட் தலை நிமிராமல் கேட்டார்.

"போலீஸ் அடிச்சாங்களா?"

"இல்லங்கய்யா" என்றார் இஸ்திரிக்காரர். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தார்கள்.

மாஜிஸ்திரேட் அதை எழுதப் போனார். அப்போது பின்னாலிருந்து அவள் பேசினாள். சத்தமெல்லாம் போடவில்லை.

"அய்யா, அவர நடந்து காட்டச் சொல்லுங்க."

கோர்ட் போலீஸ்காரர் அவளை வெளியே தள்ள வந்தார். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு இஸ்திரிக்காரரைப் பார்த்து, "நடப்பா" என்றார்.

கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பாதத்தின் ஓரத்தை மட்டும் தரையில் வைத்தார். உள்ளங்கால் படவில்லை. கம்பியை விட்டதும் விழுந்தார். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி உத்தரவானது.

போலீஸ் அடித்ததைப் பற்றி விசாரணை நடந்தது. கோட்டாட்சியர் முன்னால் தெரு முழுக்க வந்து, எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிற்று. பார்த்ததைச் சொன்னது நான் ஒருத்திதான். அறிக்கை என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. சப்-இன்ஸ்பெக்டரை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். தண்டனையா பதவி உயர்வா என்று கேட்டதற்கு வக்கீல் சிரித்தார். சாட்சி இல்லாமல் திருட்டு வழக்கு தானாகச் செத்தது. சங்கிலி கிடைக்கவேயில்லை. வீட்டுக்காரர் மாடியைக் காலி செய்யச் சொன்னார். பேராசிரியர் குழுவை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்கமாட்டேன்.

இஸ்திரிக்காரர் குடும்பம் அவள் பிறந்த ஊரான முக்கூடலுக்குப் போய்விட்டது. ஒருமுறை பார்க்கப் போனேன். அவள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க நின்று தேய்க்கும் வேலை இனி முடியாது. ஒரு பையனை அனுப்பி எனக்குக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். நான் குடித்து முடித்ததும் சொன்னார்.

"டீச்சர், நீங்க செஞ்சத மறக்கமாட்டோம். ஆனா இனிமே இங்கன வராதீங்க. யாரு, எதுக்கு வந்தாவன்னு ஊர்ல கேக்காவ. கேட்டா ஸ்டேசன் கதைய முதல்லேருந்து சொல்லணும். அதச் சொல்லச் சொல்ல எனக்குக் காலு எரியுது."

அவள் குனிந்த தலை நிமிராமல் இலையை நறுக்கிக்கொண்டிருந்தாள். "அவரு சொல்லுதது சரிதான்க்கா" என்றாள்.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எந்த ஊர், எதற்கு வந்தீர்கள் என்று விசாரித்தார். பதில் சொல்லப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.