வாளை மீனும் அத்தையின் நூல் பையும்

நான் கடலூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரி. ஆரணியில் பட்டு நெய்யும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். இந்த ஊரில் பட்டுக்குப் பஞ்சமில்லை, கடல்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியில் வண்டியேறி மீன் வரும். நான் பிறந்த ஊர்ப் பூனைகூட அதை ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் தொடும். ஆனால் வயிற்றில் பிள்ளை தங்கி ஐந்தாம் மாதமாகியும் எனக்கு வாந்தி நிற்கவில்லை. உள்ளே தங்கிய ஒரே சாப்பாடு கடல் மீன் குழம்புதான். ஞாயிறு வைக்கும் குழம்பு செவ்வாய் வரை என்னைத் தாங்கும்.

அந்த ஞாயிறு எனக்குத் தலை சுற்றியதால் என் மாமியாரே வாளை மீனை ஆய உட்கார்ந்தார். காலையெல்லாம் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்த கை. எங்கள் வீட்டில் பட்டு நூல் எங்கேதான் இல்லை? தலையணையில், சீப்பில், சில நாள் சோற்றிலும் இருக்கும். அறுந்த துணுக்கைக்கூட அத்தை எறியமாட்டார். பையில் சேர்த்து எடைக்குப் போடுவார். அதனால் மீனின் வயிற்றைக் கீறியதும் குடலோடு சுருண்டு கிடந்த வெள்ளை இழையைத் தன் கையிலிருந்து விழுந்த நூல் என்றே நினைத்தார். பதமாக நுனியைப் பிடித்து இழுத்தார். தண்ணீரில் அலசினார். உள்ளங்கையில் வைத்து நீவி நேராக்கினார். அது மறுபடி சுருண்டுகொண்டது.

அத்தை போட்ட கூச்சலில் தறி நின்றது. என் கணவர் ஓடி வந்தார். வந்தவர் அம்மாவைப் பார்த்தாரோ இல்லையோ, கைப்பேசியைத் தட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"மீன் புழுவாம்மா. பச்சையா துன்னா வயித்துல போய் பேஜார் பண்ணுமாம்."

"நாம என்ன பச்சையாவா தின்னுறோம்?" என்றேன்.

கடற்கரையில் இதற்கெல்லாம் யாரும் அலறமாட்டார்கள். செத்த மீன் குடலோடு கிடந்தால் புழு சதைக்குள் நகரும்; அதனால் சீக்கிரமே குடலை எடுத்துவிடுவோம். நன்றாகக் கொதித்தால் அதன் கதை முடிந்தது. இதையெல்லாம் சொன்னேன். யார் கேட்டது?

"இனிமே கடல் மீனு இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது," என்றார் அத்தை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "புழு கக்குன நூலை வச்சுத்தானே அத்தை இந்த வீட்டுல உலை கொதிக்குது? இந்தப் புழுவுக்கு மட்டும் என்ன பயம்?"

"அது நம்ம புழுடி. இது ஊரு பேரு தெரியாத புழு."

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மீன் குப்பைக்குப் போனது. அந்த வாரம் நான் தின்றது கொஞ்சம், திருப்பித் தந்தது அதிகம். கன்னம் ஒட்டிவிட்டது. பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று எனக்கே பயமாக இருந்தது. அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு அவரே தெருமுனைக்குப் போய் வாளை வாங்கி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். புடவையில் இழை விட்டிருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வை. பிறகு அடுப்பில் ஏற்றியவர் இறக்கவே இல்லை. குழம்பில் மீன் இருந்ததற்கு முள்தான் சாட்சி. என் அம்மா பார்த்திருந்தால் சண்டைக்கே வந்திருப்பாள். நான் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.

அத்தை ஒரு வாய்கூடத் தொடவில்லை. எதிரே உட்கார்ந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதனா பண்ணுதா?"

நான் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினேன். "உள்ளே என்னமோ நெளியுது அத்தை."

"ஐயோ! டேய், ஜல்தியா ஆட்டோ கூப்புடுடா!"

எழுந்து ஓடப்போனவரின் கையை எட்டிப் பிடித்து என் அடிவயிற்றில் வைத்தேன். அவருக்குப் புரியச் சற்று நேரமானது. பிள்ளையின் முதல் அசைவு; வெளியே இருந்த கைக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. ஆனாலும் அத்தை கையை எடுக்கவில்லை. அப்படியே மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திகினு துன்னுடி," என்றார்.