ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு ஒன்றான கதை

ஒரு கல்லூரிக்காக நான் செய்து கொடுத்த இணைய விண்ணப்பப் பக்கத்தில், கூட வேலை பார்த்த அக்கா அடித்துக் காட்டிய அந்த மதிப்பெண் இன்னும் கண்ணில் நிற்கிறது: 1O50. நடுவில் இருந்தது பூஜ்யமல்ல, ஆங்கில எழுத்து ஓ. பக்கம் மறுக்காமல் வாங்கிக்கொண்டது. எழுத்து வந்த இடத்தில் படிப்பதை நிறுத்திய என் நிரல், அவர் சோதனைக்குப் போட்ட மாணவரின் மதிப்பெண் ஒன்று என்று பதிந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். பசுமலையில் ஒரு சிறிய இணையதள நிறுவனம். நான் எழுதும் நிரல்களைச் சோதிப்பது அக்காவின் வேலை. விளாங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார்.

“நம்பர்தானான்னு பாக்காமலே வாங்கிக்கிருது தம்பி. திருத்தாமக் குடுத்துராதீங்க” என்றார்.

மேலாளர் சிரித்தார். “மார்க் போடுற எடத்துல எவன்மா எழுத்தை அடிக்கப் போறான்? நாளைக்குக் குடுத்தாகணும்.”

அக்கா சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படியே கொடுத்துவிட்டேன்.

சேர்க்கைப் பட்டியல் வெளியான மறுநாள், டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றார்கள். பிரவுசிங் சென்டரில் யாரோ அவளுடைய மதிப்பெண்ணை எழுத்து ஓ போட்டு அடித்திருக்கிறார்கள். பட்டியலில் அவள் கடைசி.

“ஆயிரத்துத் தொண்ணூத்தி ரெண்டு எடுத்த பிள்ளைய்யா. ஒண்ணுன்னு போட்டுருக்கீக. ஒரு மார்க்கு எடுத்தவ எப்பிடிய்யா பாஸாவா? அம்புட்டுப் பேருல ஒருத்தருக்குமா தோணல?”

மேலாளர் அக்காவைக் கை காட்டினார். “செக் பண்றது இந்தம்மாதான்.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணையும் அப்பாவையும் ஆட்டோவில் ஏற்றிக் கல்லூரிக்குப் போனார். இடங்கள் நிரம்பிவிட்டன, கம்ப்யூட்டர் போட்ட பட்டியலை மாற்ற முடியாது என்று அங்கே கைவிரித்தார்கள். சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்தார்.

“அந்தப் பிள்ளைக்கு இந்த வருசம் போச்சு. நான் இனி அங்க வரல தம்பி.”

என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

இன்று என்னிடம் வேலை பார்ப்பவர்கள், “யாருண்ணே அப்படி அடிப்பா?” என்று கேட்டால் என் குரல் தன்னால் உயர்ந்துவிடுகிறது. சிறு விஷயத்துக்குக் கத்துகிறேன் என்று முணுமுணுக்கிறார்கள்.

அக்கா போனை வைத்தபிறகுதான் எண்தானா என்று பார்க்கும் அந்தச் சரிபார்ப்பை எழுதினேன். மூன்றே வரி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேலாளர் பின்னால் வந்து நின்று பார்த்து, “பிரமாதம்” என்று என் தோளில் தட்டினார். நான் அந்தக் கையைத் தட்டிவிடக்கூட இல்லை.