வாலை அசைத்தான்

அச்சகத்தில் அவரை 'ஒற்று சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். க், ச், த், ப் விட்டுப்போன இடத்தை மோப்பம் பிடித்துவிடுவார். எதிர்க்கடைப் பலகையில் 'டீ கடை' என்று ஒற்றில்லாமல் எழுதியிருப்பதால் அங்கே அவருக்கு டீ தொண்டையில் இறங்காது என்று மெஷின்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவரும் சிரித்துக்கொள்வார். வம்புதும்புக்குப் போகாத மனிதர், பிழை திருத்தியே தலை நரைத்தவர்.

நாயைப் பற்றி அச்சுக்கு வந்திருந்த ஒரு நாவலின் தாள்களை டைப் அடித்த பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் கொடுத்தாள்.

"கடைசி அத்தியாயத்துக்குக் கர்சீப் வச்சுக்குங்க சார். நான் கீபோர்டையே நனைச்சிட்டேன்."

"நாய்க்கா?"

"நாய்க்குத்தான். எங்க மாமனார் போனப்பகூட இவ்வளவு அழல. வெளிய சொல்லிடாதீங்க."

வீட்டில் மனைவி மூலப்பிரதியை உரக்கப் படிப்பாள். அவர் அச்சுத்தாளில் கண்ணோட்டுவார். பிள்ளையில்லாத வீட்டின் சாயங்காலங்களை இருவரும் அப்படித்தான் தள்ளினார்கள். இந்த நாவல், முகம்கொடுத்துப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி வீடுகளுக்கு நடுவே நடந்து நடந்தே கிழடான ஒரு நாயின் கதை. எழுதியவர் முதல் வரியிலிருந்தே நாயை 'அவன்' என்று எழுதியிருந்தார். வந்தான், குரைத்தான், தின்றான். அது அவருக்குப் பல்லில் மாட்டிய நார்போல உறுத்தியது. அஃறிணை அஃறிணைதானே? வந்தது, குரைத்தது, தின்றது என்று பென்சிலால் திருத்திக்கொண்டே வந்தார்.

"'தம்பி வீட்டு வாசலில் கிடந்தான். அண்ணனும் வந்து நிற்பதைப் பார்த்து வாலை அசைத்தான்'," என்று படித்தவள் நிறுத்தினாள். பென்சில் அந்தச் சொல்லின் மேல் ஏறியிருந்தது.

"அதை விட்டுடுங்க."

"எதை?"

"அசைத்தான். அப்படியே இருக்கட்டும்."

"நாய்தானே? படிக்கிறவன் சிரிப்பான்."

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அவளுக்கு அழுகை எப்போதும் சத்தமில்லாமல்தான் வரும். இன்று வாய்விட்டு அழுதாள்.

"ஒரு நாய்க்குப் போய்…" என்று ஆரம்பித்தார்.

"நாயை அவன்னு சொல்ல அந்த எழுத்தாளருக்கு மனசு வந்துச்சு. நம்ம பிள்ளைய அப்படிச் சொல்ல உங்களுக்கு வரலியே."

அவருக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. ஒரே குழந்தை. பிறந்த அன்றே போய்விட்டது.

"ஆஸ்பத்திரி வராந்தால நின்னு எங்கண்ணன்கிட்ட 'அது பொழைக்கல'ன்னீங்க. கதவு திறந்துதான் இருந்துச்சு. இன்னிவரைக்கும் உங்களுக்கு அதுதான். அது பொறந்த வருஷம், அது இருந்திருந்தா…"

"குழந்தைன்னு வந்தா 'அது'ன்னுதானே இலக்கணம்…"

வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன்? அவள் கோபப்படக்கூட இல்லை. அதுதான் அவரைக் கலக்கியது.

"எழுந்திருக்க முடியாம கெடந்தேன். எனக்கு யாரும் காட்டல. நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்க. எப்படி இருந்தான்? இத்தனை வருஷமும் கேக்கப் பயந்துட்டே இருந்தேன்."

மூக்கு உன்னுடையது, நெற்றி என்னுடையது என்று ஏதாவது சொல்லிவிடலாம். யார் வந்து ஒத்துப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவளிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"பாக்கல," என்றார். "துணியில சுத்திக் குடுத்தாங்க. விலக்கிப் பாக்கத் தைரியம் வரல. அப்படியே மண்ணுல வச்சிட்டு வந்துட்டேன்."

அவள் தாள்களை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். ஓரம் சேரவே இல்லை.

"கனமா இருந்தானா?"

"இருந்தான்," என்றார். "கை வலிச்சுது. வீட்டுக்கு வந்தப்புறமும் வலிச்சிட்டே இருந்துச்சு."