வேகாத முட்டை

அறுபதுகளில் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தேன். சொந்த ஊர் சிதம்பரம். விடுதியில் தங்கி வேலை பார்த்தேன். ஆபரேஷனுக்கான துணியையும் பஞ்சையும் ஆட்டோகிளேவில் வைத்து நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்குவது என் பொறுப்பு. துணி அடைக்கும் டிரம்மின் பக்கவாட்டில் ஓட்டைகள் இருக்கும். அவற்றைத் திறந்து மூட ஒரு தகரப் பட்டை உண்டு. திறந்து வைத்தால்தான் ஆவி உள்ளே போகும்; வெளியே எடுத்ததும் மூட வேண்டும். இட்லி அவிக்கத் தெரிந்த யாருக்கும் இது புரியும்.

எங்கள் மேட்ரனம்மாவுக்குப் புரியவில்லை. ஆட்டோகிளேவுக்கு அடியில் எரியும் ஸ்டவ்வின் கரி ஓட்டை வழியே போய் வெள்ளைத் துணி ஒன்றில் ஒட்டியிருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து ஓட்டைகளை மூடித்தான் டிரம்மை உள்ளே வைக்க வேண்டும் என்று உத்தரவு.

“மூடிட்டா ஆவி போவாதுங்கம்மா” என்றேன்.

“பதினஞ்சு பவுண்டு பிரஷரு. அது போவாத எடமும் இருக்கா? எனக்கே சொல்லித் தரியா நீ?”

அவர் சொன்னபடியே ஓட்டைகளை மூடி டிரம்மை உள்ளே வைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த மாதம் கடலோர ஊரிலிருந்து ஒரு மீனவப் பெண் பிரசவத்துக்கு வந்தாள். சிசேரியன். குழந்தை நன்றாக இருந்தது. நாலாம் நாள் அவளுக்குத் தையல் சீழ் பிடித்து, காய்ச்சல் கொதித்தது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் மூக்கைச் சுளித்தார்.

“மீன் கூடையோட வந்து அப்டியே படுத்தா சீழ் புடிக்காம என்ன பண்ணும்? குளிச்சாத்தான?”

அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. எங்கள் வார்டுக்கு இளைத்தவள் அவள்.

மறுநாள் மெஸ்ஸிலிருந்து ஒரு பச்சை முட்டையை எடுத்து வந்து துணிகளின் நடுவில் புதைத்தேன். உத்தரவுப்படியே ஓட்டைகளை மூடி, முழு நேரமும் ஆவியில் வைத்தேன். பிறகு டாக்டரையும் மேட்ரனையும் கூப்பிட்டு, அவர்கள் எதிரிலேயே டிரம்மைத் திறந்து முட்டையை ட்ரேயில் உடைத்தேன். வெள்ளைக்கரு ஓரத்தில் லேசாக வெளுத்திருந்தது. மஞ்சள் கரு வழிந்து ஓடியது.

“முட்டையே வேகல சார். கிருமி எப்டி சாவும்?”

மேட்ரன் தரையைப் பார்த்தார். “இனிமே தெறந்தே வைங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அவள் கட்டில் பக்கம் அவர் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தியேட்டர் பகுதிக்குள் முட்டை கொண்டு வந்ததற்கு எனக்கு மெமோ வந்தது. ஓட்டையை மூடச் சொன்னவருக்கு எதுவும் வரவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து, அந்தப் பெண் பிழைத்தாள். வீட்டுக்குப் புறப்பட்ட அன்று குழந்தையோடு என்னைத் தேடி வந்தாள்.

“குளிச்சிட்டுத்தாங்க வந்தேன். அடுத்த தடவ இன்னும் சுத்தமா வரேங்க.”

யார் மேலோ இருந்த ஆத்திரத்தில் அவளிடம் கத்தினேன். “அழுக்கு ஒன்கிட்ட இல்லடி. எங்க துணிதான் சரியில்ல. தப்பு எங்களுது.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஒங்களுக்கு நல்ல மனசுங்க. அதான் இப்டி சொல்றீங்க.”